கொல்லையில் ஒரு மீன்குட்டை: போடி மலையடிவாரத்தின் நீர்க்கணக்கு

வீட்டுக் கொல்லையில் மீன் வளர்ப்பதற்காகத் தோண்டப்படும் குட்டைக்கு உலகெங்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் கிடையாது. அந்தந்த ஊரின் மிகக் கடுமையான பருவம் எதுவோ அதைத் தாங்கும்படியே அதன் ஆழமும் அமைப்பும் தீர்மானிக்கப்படுகின்றன. நீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியிலும் வட ஐரோப்பாவிலும் குட்டையின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைந்த பின்னரும் அடியில் மீன்கள் உயிர் பிழைத்திருக்கின்றன; அங்கெல்லாம் குட்டையின் ஆழத்தை முடிவு செய்வது அந்தப் பனிக்காலம். போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் தேவாரம் செல்லும் வழியில் அமைந்த சிலமலையில் உறைபனிக்கு இடமில்லை. இங்கு ஒரு குட்டையைச் சோதிப்பவை மூன்று: பங்குனியில் தொடங்கி வைகாசிவரை நீளும் வெயில், மலைக்கணவாய்களின் வழியே இறங்கிவரும் ஆடிக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் சில மணி நேரத்திற்குள் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழை. இம்மூன்றில் எதைக் கணக்கில் எடுக்காமல் தோண்டினாலும், அந்தப் பருவம் வரும்போது குட்டை தன் குறையைக் காட்டிவிடும்.

முதலில் இடத்தேர்வு. மேற்கே மலை நிற்பதால் இப்பகுதியின் நிலம் பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஆகவே மழைநீர் மேற்கிலிருந்து ஓடிவரும், அதே திசையிலிருந்துதான் ஆனி, ஆடி மாதங்களின் காற்றும் வீசும். கொல்லையின் மிகப் பள்ளமான மூலையில் தண்ணீர் தானாக வந்து சேரும் என்று எண்ணி அங்கேயே குட்டை தோண்டுவது பலரும் செய்யும் பிழை. தானாக வந்து சேரும் தண்ணீர் தனியாக வருவதில்லை. தொழுவத்துக் கழுநீரும், தோட்டத்தில் தெளித்த மருந்தும், சேறும் அதனோடு வந்து சேர்கின்றன. எனவே பள்ளத்தைவிடச் சற்று மேடான இடத்தில் குட்டையை அமைத்து, அதன் மேற்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் வெட்டி, ஓடிவரும் வெள்ளத்தைக் குட்டையைச் சுற்றிக் கடத்திவிடுவதே முறை. குட்டைக்கு வேண்டிய மழைநீரை நிலத்திலிருந்து எடுக்காமல் கூரையிலிருந்து எடுக்கலாம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர் என்பதால், 100 சதுர மீட்டர் கூரையின்மேல் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர் திரளும். சிதறலும் கசிவும் போக 800 லிட்டராவது குழாய் வழியே வந்து சேரும். முதல் மழையில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கரைந்து வருமாதலால், அந்த நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

இந்தக் கணக்கின் மறுபக்கம் ஆவியாதல், அதாவது வெயிலும் காற்றும் நீரை மேற்பரப்பிலிருந்து கவர்ந்து செல்வது. அரை சென்ட் பரப்புள்ள, அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர் உள்ள ஒரு குட்டையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், இழப்பு 120 லிட்டர். மாதத்திற்கு 3,600 லிட்டர். குட்டையின் ஆழம் ஐந்தடியாக, அதாவது 1.5 மீட்டராக இருந்து சுவர்கள் செங்குத்தாக நின்றால் அதன் கொள்ளளவு 30,000 லிட்டர். ஆகவே இந்த இழப்பு மாதத்திற்கு எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அதே பரப்பில் இரண்டடி ஆழம் மட்டும் தோண்டியவருக்கு ஆவியாகும் அளவு குறைவதில்லை, கையிருப்புதான் குறைகிறது. ஆவியாதல் பரப்பைப் பொறுத்தது, கையிருப்போ ஆழத்தையும் சேர்த்துப் பொறுத்தது என்ற இந்த எளிய வேறுபாட்டைப் பழைய ஊருணிகளை வெட்டியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆடிக் காற்று வீசும் நாட்களில் வானம் மேகமூட்டமாக இருப்பினும், நீரின் மேல் தேங்கும் ஈரக்காற்றை அது தொடர்ந்து துடைத்தெடுப்பதால் இழப்பு வெயில் நாளைப் போலவே இருக்கக்கூடும். மேற்குப் பக்கத்தில் உயிர்வேலியோ ஓலைத் தட்டியோ இருப்பது இந்த ஒரு காரணத்திற்காகவே தேவையாகிறது.

ஆனால் ஆழம் கூடக்கூட நல்லது என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வந்துவிடக் கூடாது. கோடையில் மேல்நீர் சூடேறி எடை குறைந்து மேலேயே நிற்க, அடிநீர் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. இரண்டும் கலவாத இந்நிலையை அறிவியலார் வெப்ப அடுக்கமைவு என்பர். அடியில் தங்கிய நீரில் தீவன எச்சமும் இலைதழையும் மக்கி, அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. இந்நிலையில் கோடைமழை திடீரெனப் பெய்து மேல்நீரைக் குளிர்வித்தால், அது கனத்துக் கீழிறங்க, ஆக்சிஜன் அற்ற அடிநீர் மேலெழுந்து குட்டை முழுதும் பரவுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதப்பதற்குக் கண்ணேறோ இடியோ காரணம் என்று ஊரில் சொல்லப்படுவதுண்டு. பெரும்பாலும் இந்த நீர்ப்புரட்சியே காரணம். வீட்டுக் குட்டைக்கு நாலரை அடி முதல் ஐந்தரை அடி வரையிலான ஆழம் போதுமானது. ஒரு மூலையில் மட்டும் ஓரடி கூடுதலாகப் பள்ளம் வைத்து, தரையை அதை நோக்கிச் சரித்து, அங்கிருந்து அடிநீரை வெளியேற்றும் குழாயையும் பதித்துவிட்டால், வெயில் மிகும்போது மீன்கள் ஒதுங்கவும் கழிவு திரளவும் அப்பள்ளம் இடமாகும். அவ்வாறு வெளியேறும் நீர் வாழைக்கும் முருங்கைக்கும் உரநீர்.

மண் எத்தகையது என்பதை ஒரு நாளில் அறியலாம். முழங்கால் ஆழக் குழி ஒன்றைத் தோண்டி மாலையில் நீர் நிரப்பி, அது ஊறி வற்றியபின் மீண்டும் நிரப்பி, மறுநாள் காலையில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் போதும். மலையடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்தில் பெரும்பாலும் எதுவும் எஞ்சியிருக்காது. கண்மாயிலிருந்து அள்ளிய கரம்பை மண்ணை அரையடிக்கு மேல் பரப்பி, ஈரத்தோடு மிதித்துக் கெட்டிப்படுத்தித் தளம் போடுவது பழைய முறை. பெரிய குட்டைக்கு இன்றும் அது மலிவானது. சிறிய குட்டைக்குச் செங்கல் சிமென்ட் தொட்டியோ படுதாவோ எளிது. சிமென்ட் தொட்டியில் ஒரு சிக்கல் உண்டு: புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை மீன் தாங்காத அளவுக்கு உயர்த்திவிடும். இரண்டு மூன்று வாரங்கள் நீரை நிரப்பி, மாற்றி மாற்றி வெளியேற்றிய பிறகே மீன் விட வேண்டும். அலங்கார மீன் வளர்ப்போர் அந்நீரில் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைப்பது இதற்காகவே.

படுதாவைப் பொறுத்தவரை, அதன் பள்ளிக்கூடம் மலைமேல் இருக்கிறது. போடிமெட்டைக் கடந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குள் சென்றால், சரிவுகளைச் செதுக்கித் தார்ப்பாய் விரித்து மழைநீரைத் தேக்கிய குளங்களை எங்கும் காணலாம். மலையாளத்திலும் அவற்றின் பெயர் படுதாக்குளம்தான். ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் நம்பி வாழும் பயிர். தை முதல் வைகாசி வரை மழை பொய்த்தால் அது காய்ந்துவிடும் என்பதை 2024ஆம் ஆண்டின் கோடை அப்பகுதிக்குக் கடுமையாகவே உணர்த்தியது. அந்தக் கோடைப் பாசனத்துக்காகத் தோன்றிய படுதாக்குளங்களில், தண்ணீர் சும்மா நிற்பானேன் என்று மீனையும் விடும் வழக்கம் பின்னர் வந்து சேர்ந்தது. மலிவான தார்ப்பாய் வெயில்பட்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் நொறுங்கிவிடுவதால், புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்ட, 500 மைக்ரான் தடிமனுள்ள ‘எச்.டி.பி.இ.’ விரிப்பே குட்டைக்கு ஏற்றது. அதன் அளவைக் காண்பதும் கடினமன்று: குட்டையின் நீளத்தோடு இருமடங்கு ஆழத்தையும் கரையில் மடித்துப் புதைக்க ஒரு மீட்டரையும் கூட்டினால் விரிப்பின் நீளம், அகலத்திற்கும் அதே கணக்கு. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குட்டைக்கு 9 மீட்டருக்கு 8 மீட்டர் விரிப்பு வேண்டும். அடியில் கூர்ங்கல்லையும் வேரையும் பொறுக்கியெடுத்து, மூன்று விரற்கடை மணலோ பழைய சாக்கோ பரப்பாமல் விரித்தால் எத்தனை மைக்ரான் வாங்கியும் பயனில்லை.

படுதாக்குளத்தின் பெருங்கேடு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாசி படிந்த விரிப்பில் கால் நில்லாது; உள்ளே விழுந்தவர் நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் சரிவில் ஏற முடியாமல் தவிப்பார். நான்கு பக்கமும் முடிச்சிட்ட கயிறுகளைக் கரையிலுள்ள முளைகளில் கட்டி நீருக்குள் தொங்கவிடுவதும், சுற்றிலும் இடுப்பளவு வேலி அமைப்பதும், குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுள்ள படல் வைப்பதும் மீன் வாங்குவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள்.

ஐப்பசி மழைக்கென்று குட்டைக்கு ஒரு மறுகால் வேண்டும். கண்மாய்களில் மிகைநீர் வழியும் கலிங்கைப் போல, கரையின் உச்சிக்கு முக்கால் அடி கீழே, கிழக்குப் பக்கத்தில், நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து அதன் வாயில் வலை கட்டிவிடுவதே வீட்டுக் குட்டையின் கலிங்கு. கிழக்குப் பக்கம் என்பதற்குக் காரணம், மேற்கிலிருந்து வீசும் காற்று சருகையும் பாசியையும் அங்கேதான் ஒதுக்கும் என்பது. வலை கட்டுவதற்கோ இரண்டு காரணங்கள் உண்டு. மீன் தப்பிப்போவது வீட்டாரின் இழப்பு. அது கொட்டகுடி ஆற்றில் போய்ச் சேர்வது ஆற்றின் இழப்பு. குரங்கணி மலைகளிலிருந்து இறங்கி வைகையோடு கலக்கும் அந்நீர்வழியில் மலைக்கே உரிய சிறுமீன்கள் வாழ்கின்றன. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கப்பட்டு, பெருத்தபின் ஆற்றில் விடப்படும் சக்கர் மீன் போன்ற அயல்மீன்கள் அவற்றின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்கின்றன. அலுத்துப்போன மீனை ஆற்றில் விடுவதைப் புண்ணியம் என்று கருதும் வழக்கம் நகரங்களிலிருந்து இங்கும் பரவியிருக்கிறது; அதைவிடக் குழம்பு வைத்துவிடுவது ஆற்றுக்குச் செய்யும் நன்மை.

இனி, குட்டையின் உயிர்நாடியான ஆக்சிஜன். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைக் கரைத்துவைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கொள்ளும். வெப்பம் கூடும்போது மீனின் மூச்சுத்தேவை கூடுகிறது, நீரின் கொள்திறனோ குறைகிறது; கோடையில் மீன் திணறுவதன் அடிப்படை இதுவே. மலைமேல் நீர் குளிர்ந்திருப்பதால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், குளிர் தரும் ஆதாயத்தின் பெரும்பகுதியை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. போடிமெட்டுக் குட்டையும் சிலமலைக் குட்டையும் இவ்வகையில் பெரிய வேறுபாடு இல்லாதவையே.

மேற்சொன்ன அளவுகள் நீர் கொள்ளக்கூடியவை. உண்மையில் இருப்பது மணிக்கு மணி மாறும். நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி பகலில் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் மீனைப் போலவே அதுவும் ஆக்சிஜனை உட்கொள்கிறது. ஆகவே குட்டையில் ஆக்சிஜன் மிகக் குறையும் வேளை விடியற்காலை. அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கும். பகலெல்லாம் மேகம் மூடியிருந்த கார்த்திகை நாளுக்கு அடுத்த விடியல், அதனினும் ஆபத்தானது. தண்ணீர் கரும்பச்சையாகி, அதற்குள் விட்ட முழங்கை மறையும் அளவிலேயே உள்ளங்கை தெரியாமற்போனால் பாசி மிகுந்துவிட்டது என்று பொருள். தீவனத்தை நிறுத்தி, கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். சிறு மோட்டாரைக் கொண்டு நீரை மேலேற்றி அருவிபோல விழச் செய்வதே எளிய காற்றூட்டல். அதை மாலையில் அழகுக்காக ஓடவிட்டு இரவில் நிறுத்திவிடுவது தலைகீழான பழக்கம். பின்னிரவு இரண்டு மணி முதல் விடியும் வரை ஓடுவதே மீனுக்குப் பயன்படும். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ஆக்சிஜன் மிகக் குறைவாதலால், அதையும் சல்லடைத் தகட்டின் வழியே சிதறவிட்டே நிரப்ப வேண்டும்.

நிழல் இன்னொரு முறை. மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிழல் விழுந்தால் நீரின் சூடும் பாசியின் பெருக்கமும் மட்டுப்படும். மரமென்றால் வேம்பும் புளியும் ஆகா. உதிரும் சிறு இலைகள் அடியில் மக்கிக் கேடு செய்யும். கோடையில் மட்டும் ஐம்பது விழுக்காடு ஒளியைத் தடுக்கும் பச்சை நிழல்வலையைக் கட்டி, மழைக்காலத்தில் கழற்றிவிடுவது நல்ல ஏற்பாடு. மீன்கொத்திக்கும் கொக்குக்கும் அதுவே தடை. அல்லியைத் தொட்டியோடு நீருக்குள் வைத்தால் அழகும் நிழலும் ஒருங்கே கிடைக்கும். ஆகாயத்தாமரையை மட்டும் ஒரு கொடியளவுகூட உள்ளே விடலாகாது.

எந்த மீன் என்ற கேள்விக்கு உயரமே விடை சொல்லும். சிலமலை போன்ற அடிவார ஊர்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய இந்தியப் பெருங்கெண்டைகள் மூன்றும் நன்கு வளரும்; கட்லா மேல்நீரிலும் ரோகு இடைநீரிலும் மிர்கால் அடியிலும் இரைதேடுவதால், ஒன்றின் உணவில் மற்றொன்று கைவைப்பதில்லை. ஆற்றில் மட்டுமே முட்டையிட்டுவந்த இக்கெண்டைகளை ஊசிவழி இயக்குநீர் செலுத்திக் குளத்திலேயே இனப்பெருக்கம் செய்ய வைப்பதில் அறிவியலாளர் ஹிராலால் சவுத்ரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் வெற்றி கண்டார்; அந்நாள் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதற்குமுன் ஆற்றில் வலைவீசிப் பிடித்த குஞ்சுகளே கிடைத்தன. இன்று வைகை அணையடியில் உள்ள அரசு மீன்பண்ணை போன்ற இடங்களிலிருந்து, மூன்றில் ஒரு பங்கு நீரும் மிச்சம் ஆக்சிஜனும் நிரப்பிய பாலித்தீன் பைகளில் விரலிகள், அதாவது விரல்நீளக் குஞ்சுகள், வந்துசேர்கின்றன. மலைச்சரிவில் நிலைமை வேறு. நீர் 20 டிகிரிக்குக் கீழ் இறங்கும் மார்கழி இரவுகளில் கட்லா இரையெடுப்பதைக் குறைத்து வளர்ச்சி நின்றுவிடும். திலேப்பியா, அதாவது ஊரார் ஜிலேபி என்றழைக்கும் மீன், குளிர் இன்னும் மிகுந்தால் நோயுறும். அங்கே சாதாக் கெண்டையும் புல்கெண்டையும்தான் தாங்கும். சாதாக் கெண்டையின் ஐரோப்பிய வகையொன்று 1939இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவரப்பட்டு நீலகிரியின் நீர்நிலைகளில் நிலைபெற்றது இதற்குச் சான்று. வண்ணக் ‘கோய்’ மீனும் இதே கெண்டையின் அலங்கார வகையே ஆதலால், அழகுக்கு வளர்ப்போர் மலைமேலும் அடிவாரத்திலும் அதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் அது வேண்டாம்.

எத்தனை மீன் என்பதில்தான் பெரும்பாலான குட்டைகள் தோற்கின்றன. காற்றூட்டல் இல்லாத குளங்களில் ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 விரலிகள் வரை விடுவது வழக்கம். அதே விகிதத்தில் அரை சென்ட் குட்டைக்குப் பத்து முதல் இருபது மீன்களே உரியவை. நூறு குஞ்சுகளை வாங்கிவந்தவருக்கு இந்த எண் கஞ்சத்தனமாகத் தோன்றும். நூறும் முதல் மூன்று மாதங்கள் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அவற்றின் எடை கூடிய பின், ஒரு கோடை விடியலில், நீர் தனக்குத் தாங்கும் அளவைத் தானே முடிவு செய்துகொள்ளும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சமமாகக் கலந்து, மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம் அன்றாடம் இட்டால் போதும். கால்மணி நேரத்தில் தின்னாமல் எஞ்சுவது உணவன்று, கழிவு. அந்தக் கழிவிலிருந்தும் மீனின் மூச்சிலிருந்தும் வெளியாகும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றி நஞ்சகற்றும் நுண்ணுயிர்கள் புதுக்குட்டையில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. பீப்பாயில் சரளையும் தேங்காய் நாரும் அடைத்து அதன் வழியே நீரைச் சுற்றிவிட்டால் அவை குடியேற இடம் கிடைக்கும். புதுக்குட்டையில் முதல் மாதம் நாலைந்து மீன்களோடு மட்டும் காத்திருக்கச் சொல்வது இதனாலேயே. கொசுப்புழுவை இந்த நாலைந்து மீன்களே தீர்த்துவிடும் என்பதால், அதற்கென்று 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனைத் தேடிப்போக வேண்டியதில்லை.

ஏலமலைச் சரிவுகளுக்கே உரிய அபாயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. தண்டுதுளைப்பானும் இலைப்பேனும் தாக்கும் ஏலச்செடிக்கு ஆண்டு முழுவதும் பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. குயினால்பாஸ் போன்றவையும், பைரித்ராய்டு வகை மருந்துகளும் மனிதருக்குத் தீங்கு தெரியாத மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. தெளிப்பான் கழுவிய நீர் ஒரு குடம் கலந்தாலும் படுதாக்குளத்து மீன் முழுதும் போய்விடலாம். மருந்தடிக்கும் நாளில் காற்று வீசும் திசையைப் பார்ப்பது, குட்டைக்கு மேற்சரிவில் மருந்து கலக்காமல் இருப்பது, கருவிகளை வேறிடத்தில் கழுவுவது ஆகிய மூன்றும் தவறினால் மற்ற எந்த ஏற்பாடும் உதவாது. அடிவாரத்தில் மாவுக்கும் தென்னைக்கும் மருந்தடிப்போருக்கும் இதுவே பொருந்தும்.

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கும், நீரைச் சுத்திகரித்து மறுசுழற்சி செய்யும் சிறு தொட்டி அமைப்புக்கும் மானியம் உண்டு. பொதுப்பிரிவினருக்கு மதிப்பீட்டில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் என்பது அதன் விகிதம். மானியம் பெறும் நோக்கமே இல்லாதவருக்கும் மீன்வளத் துறை அலுவலரிடம் நீரைக் காட்டிக் கார அமிலநிலையைச் சோதித்துக்கொள்வது பயன் தரும். அது 7க்கும் 8.5க்கும் இடைப்பட்டிருந்தால் கெண்டைகளுக்கு உகந்தது; குறைந்திருந்தால் அரை சென்ட் குட்டைக்கு அரைக்கிலோ சுண்ணாம்பு கரைத்து ஊற்றலாம்.

வேலையைத் தொடங்க ஏற்ற காலம் மாசி, பங்குனி. அப்போது நிலம் காய்ந்திருக்கும், தோண்டுவது எளிது. கோடைமழைக்குள் கரை கெட்டிப்பட்டு, ஆடிக் காற்றின் தூசியைத் தாங்கும்படி கரையோரத்தில் நட்ட வெட்டிவேரும் பிடித்துக்கொள்ளும். ஆவணியில் நீர் நிரப்பி, புரட்டாசியில் நாலைந்து மீன்களை விட்டு, ஐப்பசி மழை முடிந்து நீர் தெளிந்த பின் எஞ்சிய விரலிகளை இறக்கலாம். பையைக் கால்மணி நேரம் குட்டைநீரிலேயே மிதக்கவிட்டு, இரண்டு நீரின் வெப்பமும் ஒன்றான பிறகே வாயை அவிழ்க்க வேண்டும். மறு சித்திரையில் நீர் தாழ்ந்திருக்கும்போது மீன்களைப் பிடித்துத் தொட்டியில் வைத்துவிட்டு, அடியில் படிந்த கரும்வண்டலைக் கூடைகூடையாக அள்ளி முருங்கை மூட்டில் கொட்டும் வேலை இருக்கிறது.